மாடி போர்ஷனும் ஒரு பேப்பர் கப்பும்

கல்லூரியில் முதல் வகுப்பு ஒன்பதரைக்குத் தொடங்கிய வரைக்கும் நான் ஒழுங்கான ஆசிரியை. அந்த ஜூன் மாதம் ஷிஃப்ட் முறை வந்து, முதல் வகுப்பு எட்டேகாலுக்கு நகர்ந்ததும் ஒரே வாரத்தில் பொறுப்பற்றவளாகிவிட்டேன். நான் மாறவில்லை. எங்கள் தென்னேரிப் பேருந்தும் மாறவில்லை. ஏரிக்கரையில் ஏறி, வாலாஜாபாத்தில் இறங்கி, அங்கே இன்னொன்றைப் பிடித்து, காஞ்சிபுரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் நாலாவது ஆளாக முக்கால் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்து சேரும்போது மணி எட்டு நாற்பது ஆகியிருக்கும். சமூகவியல் முதலாண்டு மாணவிகள் அதற்குள் சமூகத்தைப் பற்றி எல்லாம் பேசி முடித்திருப்பார்கள்.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். ஊருக்குள் ஒரு வீடு பார்த்துக்கொள்ளும்படியும், இரண்டு மாதம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு காலை வகுப்புகளை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எனக்கு இருந்ததெல்லாம் காலை வகுப்புகள்தான். வேலை போய்விடும் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நல்ல மனிதர்.

எங்கள் குடும்பத்தில் படிப்பதற்காகப் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மற்றபடி எல்லோரும் மிதித்திருக்கிறார்கள். அப்பா சத்துணவுக் கூடத்துக்கு விறகு இறக்கப் போயிருக்கிறார். அம்மா ஓட்டுப் போடப் போயிருக்கிறாள். நான் உள்ளே போய், பெஞ்சில் உட்கார்ந்து, பதினேழு வருடம் எழுந்திருக்காமல் இருந்து, முதுகலைப் பட்டத்தோடு வெளியே வந்தேன். காலனியில் என் பெயருக்குப் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் போட்டு வரும் தபாலை, தபால்காரர் இரண்டு வீடு தள்ளியே சத்தமாகப் படித்துக்கொண்டு வருவார். எனக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பொய் சொல்ல மாட்டேன் என்கிற இந்தப் பெருமைதான் பிறகு என்னை மூன்று வீடுகளை இழக்கவைத்தது.

காஞ்சிபுரத்து வீட்டு உரிமையாளர்களைப் போன்ற கள ஆய்வாளர்களை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பார்த்ததில்லை. கையில் கேள்வித்தாள் இருக்காது, நோட்டு இருக்காது, ஒலிப்பதிவுக் கருவி இருக்காது. பத்து நிமிடத்தில் நம்முடைய மூன்று தலைமுறையை எடுத்து உலர்த்திவிடுவார்கள். சாதி என்ன என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகம். எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். தென்னேரி என்றால், அடடா, நல்ல ஊராயிற்றே, பெரிய ஏரியாயிற்றே என்று சந்தோஷப்படுவார்கள். தென்னேரியில் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஏரிப் பக்கம் என்பேன். ஏரிக்கு எந்தப் பக்கம் என்பார்கள். ஒரு ஏரிக்கு இத்தனை பக்கங்கள் இருப்பதை நான் அந்த இரண்டு மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு சாப்பாடு, குலதெய்வம், ஊரில் யாரைத் தெரியும் என்று விசாரணை சுற்றி வரும். கடைசியாக அப்பா என்ன செய்கிறார் என்பதில் வந்து நிற்கும். தறி நெய்கிறார் என்பேன். இங்கேதான் ஆய்வாளர்களுக்கு ஒரு சிக்கல். ஏர் பிடித்த கைகள் எங்கள் பக்கத்தில் தறிக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. நெசவு என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆளை எடைபோடும் காலம் போய்விட்டது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால், “அப்போ நீங்க...” என்று இழுத்து, பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்ப்பார்கள். கோடிட்ட இடத்தை நான் நிரப்ப வேண்டும். நான் நிரப்பாமல் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். மறுநாள் தொலைபேசியில் காரணம் வரும்.

முதல் வீட்டுக்காரரின் மகன் பெங்களூரிலிருந்து திடீரென்று திரும்பி வரப்போகிறான். இரண்டாவது வீட்டில் வாஸ்து சரியில்லை, சமையலறையை இடிக்கப்போகிறார்கள். மூன்றாவது வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. மூன்று வாசலிலும் ‘டு லெட்’ அட்டை மட்டும் கழற்றப்படாமல் தொங்கியது. பெங்களூர் மகன் வருவதற்குள் வேறு யாராவது குடியிருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

ஆங்கிலத் துறையில் என்னோடு வேலை பார்த்த தோழி எனக்காக மிகவும் வருத்தப்பட்டாள். அவளும் வெளியூர்க்காரிதான். ஆனால் அவளுக்கு அரைநாளில் வீடு கிடைத்திருந்தது.

“நீ ஏன்டி எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கினு இருக்க? ஊரு சென்னைன்னு சொல்லிட்டுப் போயேன். சென்னைல எந்தப் பக்கம்னு யாரும் கேக்க மாட்டாங்க” என்றாள்.

கேட்பார்கள் என்றேன். சென்னைக்கும் பக்கங்கள் உண்டு.

நான்காவதாக வந்தது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த மாடி போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையலறை, வெளிப்படிக்கட்டு, மொட்டைமாடியில் துணி காயப்போட உரிமை. மேல்நோக்கிய சமூக நகர்வு என்று என் மாணவிகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிப் போடுவது எல்லாம் அந்தப் பதினாறு படிக்கட்டுகளில் அடங்கியிருந்தது. கல்லூரிக்குக் கால்மணி நேரம். எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும்.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவர். நானும் சமூகவியல் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். என்னை மேடம் என்று கூப்பிட்டார். கணவர் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். நான் அங்கே போன இரண்டு தடவையும் அவரது விரல்களை மட்டுமே பார்த்தேன். கேட்காமலேயே காபி வந்தது. எவர்சில்வர் டம்ளர், டபரா. ஆற்றிக் குடிக்கும்படி வற்புறுத்தினார்.

“நாங்க அதெல்லாம் பாக்கறவங்க இல்லம்மா. படிச்ச பொண்ணு, நல்ல பழக்கம், அது போதும் எங்களுக்கு” என்றார்.

அதெல்லாம் என்றால் எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. அதெல்லாம் பார்க்காதவர்கள் பார்க்கமாட்டோம் என்று சொல்வது ஏன் என்றும் கேட்கவில்லை. எனக்கு வீடு வேண்டும். வழக்கமான கேள்விகள் வந்தன. தென்னேரி என்றேன். ஏரிப் பக்கம் என்றேன். அவருடைய பள்ளியில் வேலை பார்த்த ஒருவர் தென்னேரிக்காரராம். நல்லதாயிற்று, விசாரித்துக்கொள்கிறேன் என்றார். ஏரியின் நலத்தை விசாரிப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அம்மாவையும் அழைத்துவந்து பார்க்கச் சொன்னார். ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் என்றார். நான் அன்றைக்கே மனதுக்குள் அந்த அறையில் புத்தக அலமாரி வைத்துவிட்டேன். ஜன்னலுக்கு இடதுபக்கம்.

இங்கே பேப்பர் கப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு சிலை வைக்கலாம். அதற்கு முன்னால் இங்கே மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமா? தனியாக ஒரு டம்ளர் வைக்க வேண்டும். அது மற்ற டம்ளர்களோடு கலந்துவிடாமல் கூரையில் செருகி வைக்க வேண்டும். குடித்தவரே கழுவி வைக்கிறாரா என்று நின்று பார்க்க வேண்டும். நடுவில் சட்டம் வேறு வந்து தொந்தரவு கொடுத்தது. பேப்பர் கப் வந்ததும் எல்லாச் சிக்கலும் ஒரே நாளில் தீர்ந்தது. சுத்தமானது, நவீனமானது, ஒருவர் குடித்ததை இன்னொருவர் தொட வேண்டியதில்லை. யாரும் யார் மேலும் புகார் கொடுக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் அதில் ஒரு அர்த்தமும் கிடையாது. ஒரு கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து, இரண்டு பேர் கையில் எவர்சில்வரும் இரண்டு பேர் கையில் பேப்பரும் இருந்தால், அது ஒரு முழுப் பாடம். நான் வகுப்பில் நடத்த மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் பாடம்.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு போனேன். அம்மா அதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பா நெய்யும் தறிக்கு ஊடை நூலைச் சிறு குழல்களில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. அவள் சுற்றாவிட்டால் தறி நிற்கும். பேருந்தில் வரும்போதே, அந்த வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். எதிர்த்துப் பேசக் கூடாது, சட்டம் பேசக் கூடாது, உன் காலேஜில் நடத்துவதை அங்கே நடத்தக் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

டீச்சரம்மா அன்றைக்குப் பட்டுப்புடவையில் இருந்தார். அரக்கு நிற உடல், பச்சைக் கரை, கரை முழுக்கச் சரிகைக் கிளிகள். பூஜை பாதியில் இருந்தது. எங்களை வாசற்படிக்கு உள்ளே, கூடத்துக்கு வெளியே, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரச் சொன்னார். போன தடவை நான் உட்கார்ந்த சோபாவில் அன்றைக்குத் துணி மடித்து வைத்திருந்தது. துணிக்கும் உட்கார இடம் வேண்டும் அல்லவா.

காபி வந்தது. அம்மாவுக்கு ஒரு பேப்பர் கப். எனக்கு ஒரு பேப்பர் கப். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த விரல்கள் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பிடித்திருந்தன.

தென்னேரி ஆசிரியர் நன்றாகத்தான் விசாரித்துச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். ஏரிக்கு எந்தப் பக்கம் என்பது உட்பட.

அம்மா எழுந்து ஏதோ கேட்கப் போனாள். டீச்சரம்மா சட்டென்று ஒரு அடி பின்னால் வைத்தார்.

“கொஞ்சம் தள்ளியே நில்லும்மா. பூஜை முடியல, மடியா இருக்கேன்.”

பிறகு, தான் சொன்னது தவறாகப் பட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு சமூக அறிவியல் ஆசிரியைக்கே உரிய பொறுமையோடு விளக்கினார். பருத்தி என்றால் துவைத்துக் காயவைத்து யாரும் தொடாமல் எடுத்துக் கட்ட வேண்டும். பட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பட்டு எப்போதுமே மடி. அதற்குத் தீட்டு ஒட்டாது. அதனால்தான் வெள்ளிக்கிழமை என்றால் இந்தப் புடவை. இதில் இன்னொரு விசேஷம், இந்தக் கிளிக் கரை வேறு யாரிடமும் கிடையாது. கடைக்காரரே ஒன்றுதான் வந்தது என்று சொல்லிக் கொடுத்தார். இவர் முந்தானையைக் கொஞ்சம் விரித்தும் காட்டினார், தள்ளி நின்றபடியே.

அம்மா கிளிகளைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் வந்தது, பேருந்தில் எனக்குச் சொன்ன எந்த விதிக்கும் கட்டுப்படாத ஒரு சிரிப்பு.

“டீச்சரம்மா, இது எங்க வூட்டு தறில நெய்ஞ்சதும்மா.”

டீச்சரம்மா இருக்காது என்றார். கடையின் பெயரைச் சொன்னார். பெரிய கடை, நான்கு மாடி.

“கடைல வாங்கினதுதாம்மா. நெய்ஞ்சது எங்க வூட்ல. நாந்தான் ஊடை சுத்தினேன். கிளிக்குக் கண்ணு இருக்குதா பாருங்க.”

டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். முந்தானையில் பார்த்தார், கரையில் பார்த்தார், குனிந்து கால் பக்கம் கொசுவத்திலும் பார்த்தார். எத்தனையோ வெள்ளிக்கிழமை கட்டிய புடவை. ஒரு கிளிக்கும் கண் இல்லை.

அந்தக் கிளிகளின் கதை எனக்குத் தெரியும். நான் கல்லூரியில் படிக்கச் சேர்ந்த வருடத்துப் புடவை அது. கரையில் உருவம் விழுவதற்கு, துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். எந்த இழை மேலே எழ வேண்டும், எந்த இழை அடங்கிக் கிடக்க வேண்டும் என்று அந்தத் துளைகள்தான் சொல்லும். சமூக அடுக்கு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பாடப்புத்தகத்தில் படித்ததில்லை. அந்தத் தடவை அட்டையில் ஒரே ஒரு துளை விட்டுப்போயிருந்தது. சரிகைக் கிளியின் தலையில் கண் என்பது ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். பாதிப் புடவை நெய்த பிறகுதான் அம்மா அதைக் கண்டுபிடித்தாள். அட்டையைத் திருத்திவிட்டு மிச்சத்துக்குக் கண் வைத்துவிடலாம் என்றாள். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, கட்டம் போட்ட தாளில் இருக்கும் புள்ளிகளை மட்டும் படிப்பார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

“பாதிக்குக் கண்ணு வச்சாதான் தப்புன்னு தெரியும். எல்லாக் கிளியும் குருடுன்னா அது டிசைனு” என்றார்.

நூல் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி அதைக் குறைச் சரக்கு என்று சொல்லிக் கூலியைக் குறைத்துக்கொண்டார். கடையில் அது வேறு யாரிடமும் இல்லாத டிசைன் ஆனது. அப்பா சொன்னது பலித்துவிட்டது. பலன் மட்டும் வேறு விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய சங்கடம் எதில் என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. புடவையில் குறை இருப்பதிலா, அதை நெய்த வீட்டுக்காரியைச் சற்றுமுன் தள்ளி நிற்கச் சொன்னதிலா? அவருடைய முகத்தைப் படிக்கும் முயற்சியில் என் காபி ஆறிப்போனது. செய்தித்தாள் ஒரு தடவை கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியது. டீச்சரம்மா வருத்தத்தோடு ஒரு விஷயம் சொன்னார். மாடி போர்ஷனை நேற்று மாலைதான் ஒரு வங்கி ஊழியருக்குச் சொல்லிவிட்டார்களாம். போன் பண்ணிச் சொல்ல நினைத்தாராம், எங்களைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று விட்டுவிட்டாராம்.

இவ்வளவு மரியாதையை எதிர்பார்க்கவில்லை. அம்மா பேப்பர் கப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, எங்கே போடுவது என்று கேட்டாள். வாசலில் ஒரு கூடை இருந்தது. முன்பே வைத்திருந்தார்கள்.

பேருந்து நிலையத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த அம்மாள் நடத்திய பாடப்புத்தகத்தில் முதல் பாடத்துக்கு முன்னால் ஒரு பக்கம் உண்டு. தீண்டாமை குற்றம் என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். முப்பது வருடமும் அவர் நேராக முதல் பாடத்தைத்தான் திறந்திருக்கிறார் போலும். அந்தப் பக்கத்திலிருந்து தேர்வில் கேள்வி வராது. இதையெல்லாம் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். புடவை பூஜையறைக்குள் போகலாம், நெய்தவர் மகள் மாடிக்குப் போகக் கூடாதா என்றேன். பட்டுக்குத் தீட்டு ஒட்டாது என்றால் தீட்டு எங்கே போய்த்தான் ஒட்டுகிறது என்றேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்தம்மா புடவையை நன்றாக வைத்திருக்கிறாள், மடிப்பில் ஒரு இழைகூட விட்டுப்போகவில்லை என்றாள். எங்கள் வீட்டில் யார் சமூகவியல் படித்தது, யார் நெசவு பார்க்கிறவர் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

மறுநாளும் எட்டு நாற்பதுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குப் பாடம் சமூக மாற்றம். நகரமயமாதலால் பழைய வேறுபாடுகள் மெல்ல மறையும் என்று புத்தகத்தில் இருந்தது. நான் அதை அப்படியே படித்தேன். பின்பெஞ்சில் ஒரு மாணவி, எவ்வளவு மெல்ல மேடம் என்று கேட்டாள். வருகைப் பதிவேட்டை எடுத்துவிட்டேன்.

முதல்வர் கொடுத்த கெடுவில் இன்னும் பத்து நாள் இருந்தபோது திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வீடு இருப்பதாக ஆங்கிலத் தோழி சொன்னாள். ஊரை ஒட்டினாற்போல், பழைய சமணக் கோயிலுக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் ஒரு பெரியவர், சமணர். என் எல்லாப் பதில்களையும் தயாராக வைத்துக்கொண்டு போனேன். ஏரியின் நான்கு பக்கங்களும் மனப்பாடம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கறி, மீன், முட்டை, மூணும் அடுப்புல ஏறக் கூடாது. முடியுமாம்மா?”

முடியும் என்றேன். அவ்வளவுதான். சாவியை எடுக்க உள்ளே போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு தயாரித்துக்கொண்டு வந்த மாணவியிடம் ஒரேயொரு ஒற்றை மதிப்பெண் கேள்வியா? அவரைப் பொறுத்தவரை காஞ்சிபுரத்தில் முக்கால்வாசிப் பேரின் சமையல் ஆகாது. அந்த முக்கால்வாசியில் டீச்சரம்மாவின் சொந்தக்காரர்களும் இருக்கலாம், நாங்களும் இருக்கலாம். எல்லோரையும் ஒரே வரிசையில் வெளியே நிறுத்தும் சமத்துவத்தை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். தண்ணீர் கொடுத்தார், எவர்சில்வர் சொம்பில். வாங்கும்போதே அது தனியாக வைத்த சொம்பா என்று அலமாரியை எட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு மாதத்தில் நானும் ஒரு ஆய்வாளர் ஆகிவிட்டேன். இனி எந்த வீட்டிலும் என்னால் தண்ணீரை மட்டும் குடிக்க முடியாது.

பொய் சொல்ல மாட்டேன் என்ற நான், அந்த வீட்டில் முதல் வாரமே கைப்பைக்குள் அவித்த முட்டையை வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய், ஆசிரியர் அறையில் சாப்பிட்டேன். அடுப்பில் ஏறவில்லை. ஊரில் அம்மா அடுப்பில் ஏறியது. வாக்குத் தவறவில்லை. எட்டு ஐந்துக்கெல்லாம் கல்லூரியில் இருந்தேன். முதல்வர் மணியைப் பார்த்து, என்னைப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். காலை வகுப்புகள் என்னிடமே இருந்தன.

வேலை நிலைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த பையில் அரிசி, மிளகாய்த்தூள், இரண்டு எவர்சில்வர் டம்ளர், அவற்றோடு கடையில் வாங்கிய ஒரு கட்டு பேப்பர் கப்பும் இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். யாராவது வந்தால் வேண்டாமா, அவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்றாள். எனக்குத் தலைக்கேறியது. வீட்டுக்காரப் பெரியவருக்கா என்று சத்தம் போட்டேன். அவர் வந்தால் என் டம்ளரில்தான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிக்காமல் போகட்டும் என்றேன். அம்மா அந்தக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்தால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

அன்றைக்கு மத்தியானம் வந்தது பெரியவர் இல்லை. டீச்சரம்மா. என் எண் அவரிடம் இருந்தது. காலையில் பேசியபோது, ஒரு முக்கியமான விஷயம், நேரில் வருகிறேன் என்றார். வங்கி ஊழியர் காலி செய்துவிட்டாரோ என்று ஒரு நிமிடம் அற்பமாக ஆசைப்பட்டேன். போய்விட மாட்டேன், ஆனாலும் கூப்பிட வேண்டும், நான் முடியாது என்று சொல்ல வேண்டும் என்கிற ஆசை. அப்படியொரு வாய்ப்பு வந்தால் சொல்ல, வீட்டை வேறு ஒருவருக்குச் சொல்லிவிட்டீர்களே, நாங்களும் வேறு ஒருவருக்குச் சொல்லிவிட்டோம் என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தேன்.

அவர் வந்து, பாயில் உட்கார்ந்து, வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்றார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். மகளுக்கு அந்தக் கிளிக் கரைதான் வேண்டுமாம், அதுவும் கண்ணில்லாத கிளி. கண் வைத்த கிளி ஊரில் எல்லோரிடமும் இருக்கிறதாம். கடையில் கேட்டால் இல்லை என்கிறார்கள். அதனால் நேராக உங்களிடமே வந்துவிட்டேன் என்றார். நடுவில் கடைக்காரன் எதற்கு, நமக்குள் என்ன என்றார்.

நமக்குள் என்ற வார்த்தையை நான் அங்கேயே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து காபியோடு வந்தாள். எனக்கு எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு எவர்சில்வர் டம்ளர். டீச்சரம்மாவுக்குப் பேப்பர் கப்.

அம்மாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். பழிவாங்கும் குறும்பு ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகவே அந்த அம்மாளுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்றுதான் கொடுத்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் இருப்பது இரண்டே டம்ளர், அவளே கொண்டுவந்தது, அவை யார் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அவள்தான். டீச்சரம்மா கப்பை வாங்கினார். எங்கள் கைகளில் இருந்ததைப் பார்த்தார். தன் கையில் இருந்ததைப் பார்த்தார். முப்பது வருடம் பாடம் நடத்தியவர், புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. சூடாக இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். அம்மா ஊதிக் குடிக்கச் சொன்னாள்.

அவர் மறுபடி புடவையைப் பற்றிக் கேட்டபோது நான் பளபளப்பாக வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

“அப்போ அட்டைல ஒரு ஓட்டை விட்டுப்போச்சும்மா. அந்தப் புடவ முடிஞ்சதும் எங்க வூட்டுக்காரரு அந்த ஓட்டைய அடிச்சுட்டாரு. இப்போ எல்லாக் கிளிக்கும் கண்ணு வந்துடுச்சு. மறுபடி புடுங்க முடியாது.”

ஒரு துளையை மூட ஒரு சின்னத் துண்டுத் தாளும் கொஞ்சம் பசையும் போதும் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். நேரடியாக வரும் ஒரு கல்யாணப் புடவை என்றால் எங்கள் வீட்டுக்கு என்ன என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு என் காபியைக் குடித்தேன். அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் இனிப்பாகவே இருந்தது.

அவர் போகும்போது கப்பைக் காலி செய்திருந்தார். எங்கே போடுவது என்று கேட்டார். கொடுங்கள் என்று அம்மா கையில் வாங்கிக்கொண்டாள். அவர் தெருமுனை திரும்பும் வரை நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்தபோது அம்மா குழாயடியில் இருந்தாள். இரண்டு டம்ளரையும் கழுவினாள். பிறகு அந்தப் பேப்பர் கப்பையும் கழுவினாள். விரலை உள்ளே விட்டு, சுற்றித் தேய்த்து, கிழியாமல்.

தூக்கிப் போடத்தானே அதைச் செய்திருக்கிறார்கள் என்றேன்.

“ஏன், நல்லாத்தானே இருக்குது?” என்றாள்.

மூன்றையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். எவர்சில்வர், பேப்பர், எவர்சில்வர். சாயங்காலம் வீட்டுக்காரப் பெரியவர் மோட்டார் போட வந்தபோது மோர் கேட்டார். அம்மா ஜன்னலை நோக்கிக் கை நீட்டினாள். எதை எடுக்கிறாள் என்று பார்க்காமல் இருக்க, நான் மோட்டார் சுவிட்சைப் போட வெளியே போனேன்.